நடையும் ஒரு கலைதான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து வருடமாக நடையை ஒரு கலைப் பயிற்சியாகச் செய்துவருகிறேன். ‘என்ன செய்கிறீர்கள்?’ என்பவர்களிடம் ‘நடக்கிறேன்’ என்றால், அடுத்து வருவது பெரும்பாலும் கீழே இருக்கும் கேள்விகளில் ஒன்றாகத்தான் இருக்கும். பதில் சொல்லிச் சொல்லி எனக்கே சில விஷயங்கள் பிடிபட்டன. அவற்றை ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன்.

நடப்பது எப்படிக் கலையாகும்? எல்லோரும்தான் நடக்கிறோமே?

எல்லோரும்தான் பேசுகிறோம், கவிதை அந்தப் பேச்சிலிருந்துதான் வந்தது. எல்லோரும் கையெழுத்துப் போடுகிறோம். கோட்டோவியமும் அதே விரல்களிலிருந்துதான் பிறக்கிறது. எல்லோரிடமும் இருப்பதால் ஒன்று கலைக்கு ஆகாது என்று சொல்ல முடியாது.

வேலைக்குப் போகும்போது நடை ஒரு வழி, அவ்வளவே. போய்ச் சேர்ந்ததும் மறந்துபோகும். கலைஞருக்கு நடையே வேலை. கிளம்பும் முன் அவர் ஒரு தீர்மானம் எடுக்கிறார்: எங்கிருந்து எங்கே, எத்தனை நாள், எந்த வேகத்தில், கையில் எதோடு, எதைச் செய்யாமல். பிறகு யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அந்தத் தீர்மானத்தைக் கடைசி அடிவரை காப்பாற்றுகிறார். சாதாரண நடைக்கும் கலையாகிவிட்ட நடைக்கும் உள்ள இடைவெளி, எனக்குத் தெரிந்தவரை, தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட அந்த வாக்கில்தான் இருக்கிறது. காலும் தூரமும் வெயிலும் இரண்டுக்கும் ஒன்றே.

தமிழில் இதை விளக்குவது கொஞ்சம் சுலபம். ‘நடை’ என்ற சொல் காலுக்கும் எழுத்துக்கும் பொது. ஒருவர் எழுதும் விதம் அவருடைய நடை. தாளத்தில் திஸ்ர நடை, கண்ட நடை என்கிறோம். எப்படிப் போகிறார் என்பதிலேயே ஒருவருடைய முத்திரை விழுந்துவிடுகிறது என்பதை நம் மொழி எப்போதோ கண்டுகொண்டிருக்கிறது.

இது எப்போது ஆரம்பித்தது?

ஒரே ஒரு தேதி சொல்லச் சொன்னால் 1921 ஏப்ரல் 14 என்பேன். அன்று பாரிஸில் ‘தாதா’ என்ற கலகக் கலை இயக்கத்தினர் செயின்ட் ஜூலியன் லெ போவர் என்ற தேவாலயத்துக்கு ஒரு ‘சுற்றுலா’ அறிவித்தார்கள். வழக்கமாக யாரும் பார்க்கப் போகாத இடம் என்பதே அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். மழை கொட்டியது, வந்தவர்கள் கலைந்துபோனார்கள். ஆனாலும் கலைக்கூடத்தில் மாட்டிவைக்க எதையும் செய்யாமல், ஓர் இடத்துக்குப் போவதையே படைப்பாக அறிவித்தது பெரிய விஷயம். மூன்று வருடம் கழித்து, 1924-ல், கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோனும் மூன்று நண்பர்களும் வரைபடத்தில் குத்துமதிப்பாக ஓர் ஊரைத் தொட்டு, அங்கிருந்து கால் போன போக்கில் பல நாள் நடந்தார்கள்.

அதற்கும் முன்னால், 19-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில், வேலை எதுவுமின்றித் தெருத் தெருவாக உலாவி நகரத்தை வாசிக்கும் மனிதரைப் பற்றிக் கவிஞர் போதலேர் எழுதினார். பிற்பாடு ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் அந்த உலாவியை மையமாக வைத்து ஒரு பெரிய ஆய்வையே தொடங்கினார். அவர்கள் நடந்து, பிறகு அதை எழுதினார்கள். நடையே படைப்பாக நிலைபெற்றது 1960-களில்தான்.

புல்லில் போட்ட ஒரு கோட்டைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

1967. ரிச்சர்ட் லாங் அப்போது லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரி மாணவர். அங்கே ஆன்டனி காரோ போன்றவர்கள் இரும்புத் தகடுகளைப் பற்றவைத்து, வண்ணம் பூசி, பெரிய சிற்பங்கள் செய்யக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். லாங் ஒரு புல்வெளிக்குப் போய், நேர்கோட்டில் முன்னும் பின்னுமாக நடந்தார். புல் படியும்வரை நடந்தார். படிந்த புல் வெயில் பட்டு வேறு நிறமாகத் தெரிந்ததும், ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ‘நடந்து உருவாக்கிய ஒரு கோடு’ என்பது அதன் தலைப்பு.

அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது ஒற்றையடிப் பாதை என்றுதான் நினைத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த பிறகு வித்தியாசம் புரிந்தது. ஒற்றையடிப் பாதையை யாரும் போடுவதில்லை; பலர் போய்ப் போய் அது தானாக விழுகிறது. அதற்கு ஒரு முனையில் கிணறோ வீடோ இருக்கும். லாங்கின் கோடு படத்தின் அடியிலிருந்து கிளம்பி மரங்களை நோக்கிப் போகிறது. போய்ச் சேர அங்கே ஒன்றுமில்லை. பலர் பல வருடம் நடந்து உண்டாக்குவதை ஓர் ஆள் ஒரே நாளில், எந்தத் தேவையும் இல்லாமல், வேண்டுமென்றே உண்டாக்கியிருக்கிறார். ஆளும் படத்தில் இல்லை. அவர் உடலின் எடை மட்டும் புல்லில் பதிந்திருக்கிறது.

சிற்பம் என்றால் எதையாவது கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்றிருந்த காலத்தில், எதையும் கொண்டுவராமல், எதையும் எடுத்துப் போகாமல் ஒரு சிற்பம். புல் நிமிர்ந்ததும் அதுவும் போய்விட்டது. இந்த வரிசையில் இதைவிடத் துணிச்சலான காரியம் எனக்குத் தெரிந்து இல்லை.

லாங்கின் இன்னொரு நடையையும் சொல்லியாக வேண்டும். 1987-ல் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஆல்ட்பரோ கடற்கரையிலிருந்து ஒரு கல்லை எடுத்து, குறுக்கே நடந்து, வேல்ஸின் மேற்குக் கரையில் அபெரிஸ்ட்வித் கடற்கரையில் வைத்தார். அங்கிருந்து ஒரு கல்லை எடுத்துத் திரும்ப நடந்து ஆல்ட்பரோவில் வைத்தார். 626 மைல், 20 நாள். இரண்டு கடற்கரைகளிலும் கற்களின் எண்ணிக்கை மாறவில்லை. பார்க்கிறவர் யாருக்கும் எந்தக் கல் என்று தெரியாது. ஒரு தீவின் இரண்டு ஓரங்களும் இடம் மாறிக்கொண்டன என்பதை நம்ப, ஒரு மனிதரின் வார்த்தை மட்டும்தான் நம்மிடம் இருக்கிறது.

சுவடே விடாமல் நடக்கும் கலைஞர்களும் உண்டாமே?

ஹாமிஷ் ஃபுல்டன். லாங்கின் கல்லூரித் தோழர். இருவரும் சேர்ந்தும் நடந்திருக்கிறார்கள். ஆனால் ஃபுல்டன் கல்லை நகர்த்துவதில்லை, கோடு போடுவதில்லை, எதையும் எடுத்து வருவதுமில்லை. 1973-ல் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கோடியான டங்கன்ஸ்பி முனையிலிருந்து இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியான லேண்ட்ஸ் எண்ட் வரை 1,022 மைல் தூரத்தை 47 நாளில் நடந்து முடித்தார். அதன் பிறகு, தான் நடந்த நடையிலிருந்து மட்டுமே படைப்பு செய்வது என்று முடிவு செய்து, இத்தனை வருடமும் அதைவிட்டு விலகாமல் இருக்கிறார். நடை இல்லையேல் படைப்பு இல்லை என்பது அவருடைய கொள்கை. கண்காட்சிச் சுவரில் சில சொற்கள், தேதி, நாட்களின் எண்ணிக்கை, சில சமயம் ஒரு புகைப்படம் மட்டும் இருக்கும்.

முன்பு லாங் பக்கம் சாய்ந்திருந்தேன். இப்போது ஃபுல்டன் பக்கம். ஒரு நிலத்தைத் தொட்டுவிட்டு, தொட்டதற்கான அடையாளமே இல்லாமல் வருவது எவ்வளவு கஷ்டம் என்று நடக்க நடக்கத்தான் தெரிகிறது.

அப்படியானால் கலை எது? நடையா, படமா, வரைபடமா?

இதில் கலைஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இருக்கவும் வேண்டாம். என் எண்ணம் இது: நடைதான் படைப்பு, மற்றவை அதன் ரசீது. ஆனால் சில ரசீதுகள் அபாரமானவை.

ஜப்பானில் பிறந்த கலைஞர் ஆன் கவாரா 1968 முதல் 1979 வரை, தினமும் தான் போன வழியை வரைபட நகலில் சிவப்புக் கோடாக வரைந்துவைத்தார். எந்த ஊரில் இருந்தாலும் சரி. ஒரு தாளைப் பார்த்தால் ஒன்றுமில்லை. பன்னிரண்டு வருடத் தாள்களை அடுக்கிப் பார்த்தால் ஒரு மனிதரின் வாழ்நாளில் ஒரு துண்டு கண் முன்னால் கிடக்கிறது.

சூரினாமில் பிறந்து ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த ஸ்டான்லி ப்ரௌன் 1960-களின் தொடக்கத்தில் தெருவில் போகிறவர்களை நிறுத்தி வழி கேட்பார், ஒரு தாளில் வரைந்து காட்டச் சொல்லுவார். அவர்கள் அவசரத்தில் இழுத்த நான்கைந்து கோடுகள், ஒரு வட்டம், ஓர் அம்புக்குறி. அந்தத் தாள்மேல் தன் முத்திரையைக் குத்திவிடுவார். வழி சொல்லும்போது நாம் எல்லோரும் மனதுக்குள் அந்த வழியில் ஒருமுறை நடந்துவிட்டுத்தான் கையை நீட்டுகிறோம். ப்ரௌன் பிடித்தது அந்த நடையை. பிற்காலத்தில் தன் அடிகளை எண்ணிக் குறித்துவைப்பதே அவர் வேலையாக இருந்தது. தன் புகைப்படத்தையோ வாழ்க்கைக் குறிப்பையோ வெளியிட அவர் சம்மதிக்கவில்லை.

நடைப்பயிற்சி, யாத்திரை, மலையேற்றம்: இவற்றிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

நடைப்பயிற்சியில் உடம்பு லாபம் பார்க்கிறது. யாத்திரையில் சேருமிடம் காத்திருக்கிறது. மலையேற்றத்தில் உச்சி. கலை நடையில் இவை மூன்றும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். யாத்திரைதான் இதற்கு மிக நெருங்கிய சொந்தம். அங்கேயும் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.

விதி எதற்கு? சும்மா மனம்போல் நடக்கக் கூடாதா?

நடக்கலாம், தாராளமாக. ஆனால் மனம்போல் நடந்தால் மனம் ஏற்கெனவே போன வழியிலேயே போகும். இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். ‘இன்று எங்கேயாவது போவோம்’ என்று கிளம்பினால் கால் தானாகப் பழகிய நிழலுக்கும் பழகிய திருப்பத்துக்கும் போய் நிற்கிறது. விதி நம்மைப் பழக்கத்திலிருந்து காப்பாற்றுகிறது.

நல்ல விதி ஒரு வாக்கியத்தில் அடங்க வேண்டும். வழியில் பேரம் பேச இடம் தரக் கூடாது. ‘ஒவ்வொரு இரண்டாவது திருப்பத்திலும் இடது.’ ‘நிழல் இருக்கும்வரை மட்டும்.’ ‘யாரிடமும் பேசாமல் விடியலிலிருந்து அந்திவரை.’ ‘ஒரே தெரு, முப்பது நாள், ஒரே நேரம்.’ புரூஸ் நாமன் 1967–68-ல் தன் அறைத் தரையில் ஒட்டுநாடாவால் ஒரு சதுரம் ஒட்டி, அதன் ஓரத்தில் ஓர் அடிக்கு முன்னால் ஓர் அடி வைத்து, இடுப்பை மிகையாக வளைத்து வளைத்து நடந்து, அதைப் படம் பிடித்தார். ஒரு சதுரம் போதும்.

ஒரு தடவை நான் என் விதியை மீறினேன். இடப்பக்கம் மட்டுமே திரும்புவது என்று வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் நடந்திருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. வலப்பக்கம் திரும்பினால் பத்து நிமிடத்தில் வீடு. திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து துண்டை எடுத்துத் தலையைத் துவட்டும்போதே தெரிந்துவிட்டது, அந்த மூன்று மணி நேரமும் வெறும் நடையாகிவிட்டது என்று. யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் என் குறிப்பேட்டில் அந்த நாளுக்கான பக்கத்தை நிரப்ப மனம் வரவில்லை. இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

‘தெரிவ்’ என்கிறார்களே, அது என்ன?

பிரெஞ்சுச் சொல். நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்படுவது என்று பொருள். பிரெஞ்சு எழுத்தாளர் கீ தெபோர் 1956-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். வேலை, போக்குவரத்து, வழக்கமான காரணங்கள் எல்லாவற்றையும் கொஞ்ச காலம் கழற்றி வைத்துவிட்டு, ஓர் இடம் நம்மை இழுக்கிறதா தள்ளுகிறதா என்று கவனித்தபடி அதன் போக்கில் போவது. தனியாகவும் செய்யலாம், இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு குழுக்களாகப் போவது மேல் என்பது அவர் எண்ணம். ஒருவரின் மனநிலையை மற்றவர் சரிபார்க்கலாம் அல்லவா? சராசரி கால அளவு ஒரு நாள். அதாவது ஒரு தூக்கத்துக்கும் அடுத்த தூக்கத்துக்கும் இடைப்பட்ட நேரம்.

நகரம் நம் மனத்தை எப்படி நடத்துகிறது என்பதுதான் தெபோரும் அவர் நண்பர்களும் தேடியது. ஒரு தெருவில் நுழைந்ததும் ஏன் நடை வேகமெடுக்கிறது, ஒரு சதுக்கத்தில் ஏன் குரல் தாழ்கிறது? தெபோர் ஒரு நண்பரைப் பற்றி எழுதியிருக்கிறார்: ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியில், லண்டன் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அது சொல்லும் வழியை அப்படியே பின்பற்றி அலைந்தாராம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பயிற்சி இதுதான். வேறோர் ஊரின் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வர வேண்டிய இடத்தில் சுவர் வரும். அங்கே நின்று, அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். பத்து வருடம் பார்த்த தெருவே அன்றைக்கு அந்நியமாகிவிடும்.

ஒலிநடை என்றால்?

கண்ணை விட்டுவிட்டுக் காதால் நடப்பது. மாக்ஸ் நியூஹவுஸ் ஒரு தாளவாத்தியக் கலைஞர். 1966-ல் நியூயார்க்கில் கச்சேரி என்று நம்பி வந்த நண்பர்களை அரங்கத்துக்குள் கூட்டிப்போகாமல் தெருமுனையில் நிறுத்தி, ஆளாளுக்குக் கையில் ‘கேள்’ என்ற ஒற்றை ஆங்கிலச் சொல்லை ரப்பர் முத்திரையால் குத்தினார். பிறகு ஒன்றும் பேசாமல் நடக்க ஆரம்பித்தார். பின்னால் போனவர்களுக்கு மின்நிலையத்தின் இரைச்சலும் நெடுஞ்சாலையின் ஓசையும்தான் கச்சேரி.

கனடாவின் வான்கூவரில், இசையமைப்பாளர் மர்ரி ஷேஃபர் தொடங்கிய ஒலிச்சூழல் ஆய்வில் பங்கேற்ற ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப், 1974-ல் ஒலிநடைக்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். முதலில் உங்கள் உடல் எழுப்பும் ஒலியைக் கேளுங்கள் என்கிறார்: மூச்சு, துணி உரசல், காலடி. அவற்றில் மிக மெல்லியதுகூடக் கேட்கிறது என்றால் நீங்கள் மனித அளவுக்கு ஏற்ற ஒரு சூழலில் இருக்கிறீர்கள். இதைப் படித்த நாளிலிருந்து புதிய இடத்துக்குப் போனால் நான் முதலில் சோதிப்பது என் காலடி எனக்குக் கேட்கிறதா என்பதைத்தான். எத்தனை இடங்களில் கேட்பதில்லை என்று நீங்களே பாருங்கள்.

ஜேனட் கார்டிஃப் வேறு வழியில் போனார். 1991-ல் கனடாவின் பான்ஃபில் நடந்துகொண்டே ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தவர், பதிவைப் பின்னோக்கிச் சுற்றிக் கேட்டபோது தன் காலடியும் தன் குரலும் தன்னோடு சேர்ந்து நடப்பதைக் கேட்டு அதிர்ந்தார். அந்தத் தற்செயலிலிருந்து ஒரு புதிய வடிவமே பிறந்தது. நாம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, பதிவில் இருக்கும் அவர் காலடிக்கு ஏற்ப அடி வைக்கிறோம். ‘இங்கே திரும்பு’ என்கிறது குரல். அன்றைக்குப் பதிவான சைக்கிள் இன்றைக்கு நம் முதுகுக்குப் பின்னால் கடந்துபோகிறது. திரும்பிப் பார்த்தால் யாருமில்லை.

இதில் அரசியலுக்கு இடம் உண்டா?

நிறையவே. யார் எங்கே நடக்கலாம் என்பதைவிடப் பழைய அரசியல் ஏது?

1948 அரபு–இஸ்ரேல் போர்நிறுத்தப் பேச்சின்போது இஸ்ரேல் தளபதி மோஷே தயான், 1:20,000 அளவுள்ள ஒரு வரைபடத்தில் பச்சை மெழுகுப் பென்சிலால் எல்லைக்கோடு இழுத்தார். அந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் என்றால் நிலத்தில் 20 மீட்டர். பென்சில் மொண்ணை, மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனாக விழுந்த கோடு நிலத்தில் 60 முதல் 80 மீட்டர் அகலப் பட்டையாகிவிடும். அந்தப் பென்சில் தடிமனுக்குள் இருந்த வீடுகள் யாருடையவை? பெல்ஜியத்தில் பிறந்து மெக்சிகோ நகரில் வாழும் பிரான்சிஸ் ஆலிஸ் 2004-ல் அடியில் ஓட்டை போட்ட பச்சை வண்ண டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஜெருசலேமில் அந்தக் கோட்டின் வழியே நடந்தார். 24 கிலோமீட்டருக்கு 58 லிட்டர் வண்ணம். சோதனைச் சாவடி, குழந்தைகள், கடைவீதி எல்லாவற்றையும் கடந்து ஓர் ஒல்லியான பச்சை ஒழுகல். சில இடத்தில் சொட்டு சொட்டாக, சில இடத்தில் காற்றில் நெளிந்து. மேஜையில் இழுத்த தடித்த கோட்டை ஒருவர் நிலத்தில் காலால் இழுத்துக் காட்டியபோது அது அவ்வளவு ஒல்லியாக, அவ்வளவு சுலபமாகத் தாண்டக்கூடியதாக இருந்தது. காணொளியில் குழந்தைகள் சொட்டும் டப்பாவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இதே ஆலிஸ் 1997-ல் மெக்சிகோ நகரத் தெருக்களில் ஒரு பெரிய ஐஸ் பாளத்தை ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் தள்ளிக்கொண்டு போனார். கடைசியில் காலால் உதைக்கும் அளவுக்குச் சிறுத்து, தரையில் ஈரமாகி, காய்ந்துவிட்டது.

ரெஜினா ஹோசே கலிண்டோ 2003-ல் குவாத்தமாலா நகரில் அரசியல் சாசன நீதிமன்றத்திலிருந்து தேசிய மாளிகைவரை நடந்தார். கையில் மனித ரத்தம் நிரம்பிய ஒரு பாத்திரம். சில அடிகளுக்கு ஒருமுறை கீழே வைத்துக் காலை நனைத்துக்கொள்வார். முன்னாள் சர்வாதிகாரி ரியோஸ் மோண்ட் தேர்தலில் நிற்க அனுமதி கிடைத்ததற்கு எதிரான நடை அது. கறுப்பு உடை, வெறுங்கால், பின்னால் சிவப்புச் சுவடுகளின் வரிசை. கோஷம் எதுவும் இல்லை.

பெண்கள் இப்படித் தனியாகத் திரிய முடியுமா?

அதே தீர்மானம், அதே தூரம் என்றாலும் பெண்ணுக்கு அது வேறு நடை. போதலேர் கண்ட உலாவி ஓர் ஆண். தெருவில் நோக்கமின்றி நிற்க அவனுக்கு அனுமதி இருந்தது. நோக்கமின்றி நிற்கும் பெண்ணிடம் உலகம் உடனே காரணம் கேட்கிறது. அதனால்தான் பெண்கள் செய்த நடைகளில் கூடுதலாக ஒரு கனம் இருக்கிறது. மோனா ஹாட்டூம் 1985-ல் லண்டன் பிரிக்ஸ்டன் தெருக்களில் வெறுங்காலுடன் நடந்தார். இரண்டு கணுக்காலிலும் காவலர்கள் போடும் வகை கனத்த பூட்ஸ் கட்டியிருந்தது. அவை ஒவ்வொரு அடிக்கும் பின்னால் இழுபட்டு வந்தன. பின்தொடரப்படுவது எப்படி இருக்கும் என்று சொல்ல அவருக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் நான் யாருக்கும் வீரம் சொல்லித் தருவதில்லை. பயம் வந்தால் நடையை நிறுத்திவிடுங்கள். ‘பயம் வந்தால் நிறுத்துவேன்’ என்பதையும் விதியில் சேர்த்தே எழுதுங்கள். அப்போது நிறுத்துவது மீறலாகாது.

முன்பின் தெரியாதவரைப் பின்தொடர்ந்து நடப்பதும் கலையா?

விட்டோ அக்கோன்சி 1969-ல் நியூயார்க்கில் அதைச் செய்தார். தினமும் யாரோ ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் வீட்டுக்குள்ளோ அலுவலகத்துக்குள்ளோ நுழையும்வரை பின்னாலேயே போனார். பிரெஞ்சுக் கலைஞர் ஸோஃபி கால் 1980-ல் ஒரு மனிதரை வெனிஸ்வரை பின்தொடர்ந்து படமெடுத்தார். கலை வரலாற்றில் இரண்டுக்கும் இடம் உண்டு. நீங்கள் செய்யாதீர்கள். பின்தொடரப்படுகிறவர் எந்த விதிக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு அது பயம் மட்டுமே.

தனியாகவா, கூட்டமாகவா?

இரண்டும் இரண்டு வேறு கலைகள். தனி நடையில் கவனம் கூர்மையாகும். கூட்ட நடையில் உடம்பு இளகும்.

இரண்டு பேர் நடையில் மிகப் பெரியது சீனப் பெருஞ்சுவரில் நடந்தது. மரீனா அப்ரமோவிச்சும் உலாயும் பன்னிரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்து, சேர்ந்து படைத்தவர்கள். சுவரின் இரண்டு முனைகளிலிருந்து நடந்துவந்து நடுவில் சந்தித்துத் திருமணம் செய்துகொள்வது என்பது முதல் திட்டம். அனுமதி கிடைக்கப் பல வருடமானது. அதற்குள் உறவு முறிந்துவிட்டது. திட்டத்தைக் கைவிடவில்லை, அர்த்தத்தை மாற்றிக்கொண்டார்கள். 1988 மார்ச் 30 அன்று மரீனா கிழக்கே கடலோரத்திலிருந்து, உலாய் மேற்கே கோபி பாலைவனப் பக்கத்திலிருந்து. 90 நாள், ஆளுக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல். சந்தித்தார்கள், பிரிந்தார்கள். ‘இனி வேண்டாம்’ என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அதைச் சொல்ல 90 நாள் எடுத்துக்கொண்டதில் அந்தப் பன்னிரண்டு வருடத்துக்கான மரியாதை இருக்கிறது.

நடக்க முடியாதவர்களுக்கு இதில் இடமில்லையா?

உண்டு. ‘நடை’ என்பதை இரண்டு கால் நிமிர்ந்து போவது என்று சுருக்கிக்கொண்டால்தான் இல்லாமல் போகும். வில்லியம் போப்.எல் 2001 முதல் 2009 வரை நியூயார்க்கின் பிராட்வே தெருவின் 22 மைல் நீளத்தையும் சூப்பர்மேன் உடையில் தவழ்ந்தே கடந்தார், கொஞ்சம் கொஞ்சமாக. நிமிர்ந்து நிற்பதே ஒரு சலுகை என்பதைக் கறுப்பினத்தவரான அவர் தவழ்ந்து காட்டினார். சக்கர நாற்காலி, ஊன்றுகோல், ஒருவர் தோளில் இன்னொருவர் கை: நகர்வு இருக்கிறது, தீர்மானம் இருக்கிறது, போதும். எங்களோடு வந்த ஓர் அம்மா முழங்கால் வலிக்காக ஒவ்வோர் இருபது அடிக்கும் உட்கார்வார். அடுத்த முறை எல்லோருக்கும் அதையே விதியாக்கினோம்.

ஜிபிஎஸ், ஃபோன் வைத்துக்கொள்ளலாமா?

அவையே கருவியாகும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஜெரமி வுட் 2000-லிருந்து ஜிபிஎஸ் கருவி பதிவுசெய்யும் தடத்தையே ஓவியக் கோடாக்கி வருகிறார். மற்றபடி பையின் அடியில் கிடக்கட்டும். அடி எண்ணிக்கை காட்டும் செயலியை மட்டும் அணைத்துவிடுங்கள். எண்ணுவது தப்பில்லை, ப்ரௌன் எண்ணினார். ஆனால் அவரே எண்ணினார்.

இன்றே ஆரம்பிக்க ஒரே ஒரு பயிற்சி சொல்லுங்கள்.

மெதுநடை. நூறு மீட்டரை ஒரு மணி நேரத்தில் கடப்பது. ஃபுல்டன் இப்படிப்பட்ட நடைகளைப் பலரைச் சேர்த்துக்கொண்டு நடத்துகிறார். 2011-ல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில், அப்போது தடுப்புக்காவலில் இருந்த சீனக் கலைஞர் ஐ வெய்வெய்க்கு ஆதரவாக ஒன்று நடந்தது.

கணக்கு எளிது: ஓர் அடிக்குச் சுமார் இருபத்தைந்து வினாடி. முதல் ஐந்து நிமிடம் வெட்கமாக இருக்கும். பத்தாவது நிமிடத்தில் கணுக்கால் நடுங்கத் தொடங்கும், ஏனென்றால் ஒற்றைக் காலில் இவ்வளவு நேரம் நாம் நிற்பதே இல்லை. குதிகால் எழும்போது எடை உள்ளங்காலின் வெளி ஓரம் வழியாகக் கட்டை விரலுக்கு உருண்டு போவது தனியாகத் தெரியும். வேகமாக நடக்கும்போது நாம் விழுந்து விழுந்து பிடித்துக்கொள்கிறோம் என்பது அப்போதுதான் புரிந்தது எனக்கு. இருபதாவது நிமிடத்தில் தரை பெரிதாகிவிடும். ஒரு தடவை, சிமெண்ட் தரையின் ஒரு வெடிப்பைக் கடக்க எனக்கு ஒன்றரை நிமிடம் ஆனது. வெடிப்புக்குள் பாசி. பாசிமேல் ஒரு எறும்பு தன்னைவிடப் பெரிய உமி ஒன்றைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. நான் அடி எடுத்து வைப்பதற்குள் அது அக்கரை சேர்ந்துவிட்டது. நான் காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு அது போகட்டும் என்று நின்றேன்.

சலிப்பாக இருந்தால்?

இருக்கும். சலிப்பு வந்த பிறகுதான் கண் வேலை செய்கிறது. விட்டுவிடாதீர்கள்.

என்ன காலணி போட வேண்டும்?

பழையது. புதுக் காலணி உங்கள் கவனத்தை முழுக்கத் தின்றுவிடும்.

தேய்ந்ததும் தூக்கி எறியாதீர்கள். நான் ஒவ்வொரு ஜோடியும் தேய்ந்து முடிந்ததும் அடிப்பாகத்தைக் கழுவி, காயவைத்து, மெல்லிய தாளை மேலே விரித்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து அச்செடுக்கிறேன். இதுவரை ஒன்பது தாள்கள். எல்லாத் தாளிலும் வலது குதிகாலின் வெளி ஓரத்தில் பிறை போல ஒரு வெள்ளை: அங்கே ரப்பரில் வரி இல்லை, அதனால் பென்சிலுக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. இடதில் அது கிடையாது. ஏழாவது ஜோடியிலிருந்து பிறை கொஞ்சம் உள்பக்கம் நகர்ந்திருக்கிறது. அந்த வருடம்தான் மெதுநடையைத் தொடங்கினேன்.